பிளக்கில் இருந்தபடியே செத்த பேட்டரி

"பாதி குடைஞ்ச பல்லோட கரண்ட் போயிருச்சுன்னா மனுசன் என்ன மேடம் செய்வான்?"

ஆட்டோவைக் குஷாய்குடா பக்கம் ஒடித்துக்கொண்டே கேட்டான் சூசைராஜ்.

"வாயை மூடிப்பான்," என்றாள் பின்சீட்டில் இருந்த நித்யஸ்ரீ.

"அங்கதான சிக்கலே. மூட முடியல. உள்ள டாக்டரம்மா கை இருக்கு. வாசல்ல ஊரே நிக்கி. வாயப் பொளந்தவரு அந்த ஊர் சர்பஞ்ச், பஞ்சாயத்துத் தலைவரு. ஓட்டுக் கேக்கும்போதுகூட அவரு அம்புட்டு நேரம் வாயத் தொறந்திருக்க மாட்டாரு."

நித்யஸ்ரீ சிரிக்கவில்லை. அவன் ஜோக்குக்கு அவள் உடனே சிரித்ததாகச் சரித்திரமே கிடையாது. ஈர விறகு மாதிரி. பற்றுவதற்கு நேரமாகும்.

திருமுல்கேரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய துப்பறியும் ஆபீஸ். சூசைராஜ் தூத்துக்குடி உப்பளத்தில் மூட்டை சுமந்து, தோள் தேய்ந்து, ஹைதராபாத்துக்கு வந்து ஆட்டோ ஓட்டியவன். ஒருநாள் சவாரியாக ஏற்றியவளிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவள் கொடுக்கிற சம்பளம் அவனுக்கா, ஆட்டோவுக்கா என்பது இன்றுவரை முடிவாகாத கேஸ்.

இன்றைய கேஸ் அதைவிட விசித்திரம். செத்தது ஒரு பேட்டரி.

காலனி வாசலில் திரிபுரசுந்தரி காத்திருந்தாள். பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையரான மதுரைக்காரி. முழங்கால் போனாலும் குரல் போகவில்லை.

"வாம்மா நித்யா. நீ துப்பறிவியோ, துணி துவைப்பியோ, எனக்குத் தெரியாது. அஞ்சு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள கேட்டைப் பாத்துக்கற பத்மஜா மேல தப்பு இல்லைன்னு சொல்லணும். இல்லைன்னா இன்னிக்கே அவளைக் கேட் ரூமைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க."

"முதல்ல நடந்ததைச் சொல்லுங்க ஆன்ட்டி."

திரிபுரசுந்தரி கைகாட்டிய இடத்தில், வேப்பமரத்தடியில், வெள்ளை டிரெய்லர் ஒன்று நின்றது. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வண்டி. உள்ளே பல் டாக்டர் நாற்காலி, விளக்கு, குடைகிற மெஷின். காலனியில் ரிடையரானவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்தது. ஞாயிறு தோறும் டாக்டர் ஸ்ரேயா அதை ஏதாவதொரு கிராமத்துக்குக் கொண்டுபோய் இலவசமாகப் பல் பார்ப்பாள். மற்ற நாளெல்லாம் டிரெய்லர் இங்கேயே நிற்கும். சுவர் பிளக்கிலிருந்து நீளமான ஒயர் போய் அதன் வயிற்றில் சொருகியிருக்கும். உள்ளே சார்ஜர் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும்.

"பேட்டரி நான் வாங்கிக் குடுத்தது. எங்க வீட்டுக்காரர் ஞாபகமா, இந்தச் சித்திரையிலதான். புத்தம் புதுசு. வாரம் பூரா பிளக்கிலயே கெடந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை பிளக்கைப் பிடுங்கிக் கொண்டுபோறாங்க, பத்து நிமிஷத்துல உசிரை விட்டுருச்சு."

"சர்பஞ்ச் வாயோட," என்றான் சூசைராஜ்.

"பத்மஜா வேலை என்ன?" என்று கேட்டாள் நித்யஸ்ரீ.

"கேட்டைப் பாத்துக்கறது, டிரெய்லரைத் தொடைக்கறது, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பேட்டரிக்குத் தண்ணி ஊத்தறது. ஊத்தலைங்கறார் காலனி செக்ரட்டரி. ஊத்தினேங்கறா இவ. நான் ஏறிப் பாக்கலாம்னா இந்த முழங்கால் படியைக் கண்டாலே அழுவுது."

பத்மஜா கேட் ரூம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுகிற ரகம் இல்லை. முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டு அம்மா," என்றாள், தலையில் கை வைத்து. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊத்தினேன். தமிழ்ல சத்தியம், தெலுங்குல ஒட்டு."

அதற்குள் செக்ரட்டரி ராகவேந்திரா வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம்.

"டிடெக்டிவா? இதுக்கா? கைக்கு? எதுக்குன்னேன்? பேட்டரிக்கு வேண்டியது டிஸ்டில்டு வாட்டர், டிடெக்டிவ் இல்லை. பாருங்கோ, பிளக்கைச் சொருகிட்டா எல்லாம் ஆச்சுன்னு நினைக்கறா. அடுப்புல பாலை வெச்சுட்டுக் கோயிலுக்குப் போறாப்பல. சார்ஜர் பாட்டுக்கு ஏத்திண்டே இருக்கும், உள்ள தண்ணி பாட்டுக்கு வத்திண்டே இருக்கும். மூடியைத் திறந்து பாத்து விடணும். எங்காத்து இன்வர்ட்டரைக் கேளுங்கோ. பேட்டரி வாங்கி ஆறு வருஷம். போன வாரம் பிளாக் முழுக்க இருட்டு. எங்காத்துல மட்டும் ஃபேன் ஓடித்து, டிவி ஓடித்து, ஆத்துக்காரி ஒரு சீரியல் விடலை. எப்படி? மெயின்டெனன்ஸ்!"

கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் மரத்திலிருந்து ஒரு காக்கை பறந்தது.

"பெரியவங்க சொன்னா சரிதான்," என்று நித்யஸ்ரீ டிரெய்லரில் ஏறினாள்.

பேட்டரி, நாற்காலிக்குப் பின்னால் பெஞ்சுக்கு அடியில் இருந்தது. நல்ல கனம். தூக்கிப் பார்க்காமலே சூசைராஜின் தோள் அதைச் சொல்லிவிட்டது. கறுப்பு உடம்பு, சிவப்பு மேல்பலகை, அதில் வரிசையாக ஆறு மூடி. ஒவ்வொரு மூடியின் ஓரத்திலும் மஞ்சள் குழைத்து அப்பி, அந்த மஞ்சளின் நடுவில் குங்குமப் பொட்டு.

"என்ன மேடம் இது, பேட்டரிக்குக் கல்யாணமா?"

"ஆயுத பூஜை சூசை. போன மாசம். இங்க எல்லாத்தையும் வெளியில எடுத்துக் கழுவி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, ஒருநாள் ரெஸ்ட் குடுப்பாங்க. உன் ஆட்டோவுக்கும் போட்டோமே."

"என் ஆட்டோவுக்கு சிலுவை போட்டேன். நீங்க அதுமேலயே பொட்டு வெச்சீங்க. ரெண்டு சாமியும் உள்ள இருக்காங்க, அதான் மைலேஜ் குறையுது."

நித்யஸ்ரீ டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள்.

"நல்லாப் பாரு. பொட்டு மூடி மேல பாதி, பலகை மேல பாதி. ரெண்டையும் சேர்த்து வெச்சிருக்காங்க. மூடியைத் திருகினா என்ன ஆகும்?"

"பொட்டு ரெண்டாப் பொளக்கும்."

"திரும்ப மூடினா?"

"பழைய எடத்துல ஒழுங்கா வந்து நிக்காது." சூசைராஜ் குனிந்தான். ஆறு மூடியிலும் பொட்டு பிளந்திருந்தது. ஒரு பாதி இங்கே, மறு பாதி அங்கே. சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. "அப்போ பத்மஜா தொறந்திருக்கா!"

"ஹவ், ஆமா. மூடியைத் திறந்து பாரு, தண்ணியும் நிறைய இருக்கு. பூஜைக்கு அப்புறம் யாரோ ஒழுங்கா ஊத்தியிருக்காங்க."

சூசைராஜ் படியில் தாவி இறங்கினான். கேஸ் இவ்வளவு சுலபமாக முடிந்தால் மீட்டிங்குக்கு முன்னால் ஒரு டீ குடிக்கலாம். விஷயத்தை அவனே கூவிச் சொன்னான். பத்மஜாவின் முறைப்பு முதல் தடவையாகத் தளர்ந்தது.

"மஞ்சளா?" என்றாள் திரிபுரசுந்தரி.

"மஞ்சள், குங்குமம், ஜோரா இருக்கு அம்மா."

"இல்லையே தம்பி. அன்னிக்கு அந்தப் பேட்டரிக்கு என் கையால போட்டேன். விபூதிப் பட்டை. எங்க வீட்டுல மிக்ஸிக்குக்கூடப் பட்டைதான்."

ராகவேந்திரா கையைத் தட்டினார்.

"கேட்டேளா! அப்போ இது உங்க பேட்டரியே இல்லை. புதுசை எடுத்துண்டு எவனோட கிழட்டு பேட்டரியையோ வெச்சிருக்கா. தண்ணி ஊத்தலைன்னுதான் நான் சொன்னேன். இது திருட்டு! யார் ஆத்துல மஞ்சள்? அவ வாசப்படியைப் பாருங்கோ!"

எல்லாரும் பார்த்தார்கள். பத்மஜாவின் வாசற்படி நெடுக மஞ்சள் பூசி, சிவப்புச் சிவப்பாய்க் குங்குமப் பொட்டு. காலையில் வைத்தது, நிறம்கூட மங்கவில்லை.

காப்பாற்றுகிறேன் என்று கயிறு வீசி, அது அவள் கழுத்திலேயே விழுந்திருக்கிறது. வீசியவன் சூசைராஜ்.

"செக்ரட்டரிகாரு," என்றாள் பத்மஜா. குரல் இறங்கியிருந்தது. "என் ரூம்ல ஒரு ஃபேன், ஒரு பல்பு. இத்தனை பெரிய பேட்டரியை வெச்சு நான் ஏம் சேஸ்தானு, என்ன செய்வேன்? தலைக்கு வெச்சுப் படுப்பேனா?"

"அதை மீட்டிங்ல சொல்லு," என்று அவர் நடந்தார்.

டீக்கடையில் இரானி டீ ஆறிக்கொண்டிருந்தது. சூசைராஜ் உஸ்மானியா பிஸ்கட்டை முக்கினான். அது பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. இன்று எல்லாமே பாதியில் உடைகிற நாள்.

"என் வாய்தான் மேடம் கெடுத்துச்சு."

"நக்கோ சூசை, அப்படிச் சொல்லாதே. பொட்டு பொய் சொல்லாது. நாமதான் பாதி கேட்டுட்டு எழுந்து வந்துட்டோம். ஒண்ணு சொல்லு. கிழட்டு பேட்டரி ஒரு மாசமா உள்ள கிடந்திருக்கு. ஏன் யாருக்கும் தெரியலை?"

"பச்சை லைட்டு எரிஞ்சுதுல்லா."

"அதான். பிளக் இருக்கறவரை வேலை செய்யறது சுவர். பேட்டரி சும்மா படுத்துட்டு இருக்கும். விளக்கு எரியும், ஃபேன் சுத்தும், எல்லாரும் பேட்டரியைப் புகழ்வாங்க. பிளக்கைப் பிடுங்கினாத்தான் யார் வண்டவாளம் என்னன்னு தெரியும். விசாரிச்சேன், பூஜைக்கப்புறம் ரெண்டு வாரம் கேம்ப்பே இல்லை, அடுத்தது கரண்ட் இருந்த ஊர்ல ஸ்கூல் பிளக்குல ஓடியிருக்கு. முதல்முதலா அது சொந்தக் கால்ல நின்னது போன ஞாயிறுதான்."

"எங்க மாமனாரு மாதிரி. அத்தை பக்கத்துல இருந்தா ஊரையே வெலைக்கு வாங்குவாரு. அத்தை ஊருக்குப் போனா தண்ணி மோந்து குடிக்கத் தெரியாது." சூசைராஜ் மிச்ச பிஸ்கட்டை டம்ளருக்குள் தேடினான். "ஆனா இந்த செக்ரட்டரி வீட்டுக் கதையப் பாருங்க. ஆறு வயசுக் கெழம், ராத்திரி முழுக்க ஃபேனு ஓட்டுதாம், டிவி ஓட்டுதாம். எங்க மாமனாரு திடீர்னு மாடிப்படி ரெண்டு ரெண்டாத் தாவுனா நாங்க சந்தோசப்பட மாட்டோம் மேடம். என்னத்தத் தின்னாருன்னு சந்தேகப்படுவோம்."

நித்யஸ்ரீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஜோக்குக்குச் சிரிக்காத அவள் முகத்தில் இப்போது வேறு ஏதோ பற்றிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

"மாமனாரு தாவுனா..."

"போதும். ஆட்டோவை எடு."

அவள் போனது மீட்டிங் ஹாலுக்கு இல்லை. நேராகத் திரிபுரசுந்தரியிடம் போனாள். ஒரே ஒரு கேள்வி.

"ஆன்ட்டி, பூஜை முடிஞ்சு பேட்டரியெல்லாம் யார் திரும்ப மாட்டினது?"

"செக்ரட்டரிதான். எலெக்ட்ரீஷியனைத் தொடவே விடமாட்டார். மொத்தம் ரெண்டு பெரிய பேட்டரி, டிரெய்லரோடது, அவர் வீட்டோடது. கழுவிப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, சாமந்தி மாலை போட்டிருந்தோம். பக்கத்துக் கட்டடத்துல வேலை செய்யற பசங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டு, இதை அங்க வை, அதை இங்க வைன்னு விரலை நீட்டினார்."

மூட்டை சுமந்த காலத்தில் சூசைராஜ் அந்த விரலை நிறையப் பார்த்திருக்கிறான். தூக்குகிறவன் கண்ணுக்குப் பாரம் மட்டும்தான் தெரியும். எங்கே போகிறது என்பது விரலுக்குத்தான் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.

ஹாலில் ராகவேந்திரா எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். நம்பிக்கை, பொறுப்பு, ஒழுக்கம் என்று மூன்று வார்த்தையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசி வரிசையில் பத்மஜா நின்றாள். உட்கார நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. கையில் அவள் வழக்கமாக ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன். எதற்குக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"சார், தப்பா நினைக்காதீங்க," என்றாள் நித்யஸ்ரீ பணிவாக. அவள் பணிவாகப் பேசினால் யாருக்கோ ஆபத்து என்று சூசைராஜுக்குத் தெரியும். "தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஆசை. பேட்டரியை எப்படி வெச்சுக்கணும்னு எல்லாரும் கத்துக்கட்டும். உங்க வீட்டு இன்வர்ட்டரைக் காட்டுவீங்களா?"

இப்படி ஒரு ஆசையை மறுக்கிற ஆளா அவர்? கமிட்டி முழுவதையும் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். கீழ்வீடுதான். திரிபுரசுந்தரிகூடப் படி ஏற வேண்டியிருக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் இன்வர்ட்டர், அதற்குக் கீழே பேட்டரி. அதன்மேல் ஒரு பூப்போட்ட துணி, துணிக்கு மேலே காய்ந்த சாமந்தி மாலை.

"சார், உங்க வீட்டுல பூஜைக்கு என்ன பொட்டு?"

"மஞ்சள், குங்குமம். ஏன்?"

"விபூதிப் பட்டை?"

"எங்காத்துலயா? நாங்க மாத்வாம்மா! விபூதி டப்பாவே கிடையாது."

"துணியை எடுங்க சார்."

எடுத்தார். மாலை சருகாய் உதிர்ந்தது.

சிவப்பு மேல்பலகையில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, மூன்று வெள்ளைக் கோடு. பட்டையென்றால் பட்டை. திருநீறு பூசிக்கொண்டு தேவாரம் பாடக் காத்திருப்பதுபோல் பேட்டரி உட்கார்ந்திருந்தது.

"என் பட்டை!" என்று கத்தினாள் திரிபுரசுந்தரி. "எங்க வீட்டுக்காரர் பேட்டரி!"

"செக்ரட்டரி சார்," என்றான் சூசைராஜ், "உங்க வீட்டுப் பேட்டரி மட்டும் எப்போ மதம் மாறிச்சு?"

கூட்டம் சிரிப்பில் வெடித்தது. ராகவேந்திராவின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, விஷயம் புரிந்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நா... நான் எடுக்கலை," என்றார் ராகவேந்திரா. சட்டையின் இஸ்திரி அப்படியே இருந்தது. முகத்தின் இஸ்திரி கலைந்துவிட்டது. "சத்தியமா! ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். மாலை போட்டிருந்தது..."

"தெரியும் சார். நீங்க திருடலை. விரல் மாறி நீட்டிட்டீங்க. டிரெய்லர்ல இருக்கறது உங்க வீட்டு மஞ்சள். கிழடு அங்க போச்சு, புதுசு இங்க வந்துச்சு. அதான் ஃபேன் ஓடிச்சு."

அவர் மூச்சு விட்டார். திருட்டு இல்லை என்றால் தவறுதானே, தவறு மனுஷனுக்கு வராதா? முகம் மெல்லத் தெளியத் தொடங்கியது. "சரி, சரி. எப்படியோ நம்ம மெயின்டெனன்ஸ்ல இதுவும் நன்னா..."

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்," என்றாள் நித்யஸ்ரீ. "பட்டையை இன்னொரு தடவை பாருங்க."

எல்லாரும் குனிந்தார்கள். சூசைராஜுக்குத்தான் முதலில் பிடிபட்டது. டிரெய்லரில் ஆறு பொட்டும் பிளந்து ஆளுக்கொரு திசை பார்த்தன. இங்கே மூன்று கோடும் ஆறு மூடியின் மேலும் ஏறி இறங்கி, ஒரு இடத்தில்கூட வெட்டுப்படாமல், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஓடின.

"பூஜை அன்னிக்குப் போட்டது," என்றாள் அவள். "மூடியை ஒரே ஒரு தடவை திருகியிருந்தாலும் கோடு உடைஞ்சிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குச் சிரிப்பைவிட அதிகமாக வலித்திருக்கும். வாராவாரம் தண்ணீர் ஊற்றியவள் கேனோடு பின்னால் நின்றாள். வாராவாரம் பிரசங்கம் செய்தவர் முன்னால் நின்றார்.

"பத்மஜா," என்றார் ராகவேந்திரா கடைசியில். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தப்பு என்னோடதும்மா. திருட்டுன்னு சொன்னேன் பாரு, அது பெரிய தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கறேன். ரூம் உன்னோடதுதான்."

பத்மஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பேட்டரி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதல் மூடியைத் திருகினாள். மூன்று வெள்ளைக் கோடும் அங்கே உடைந்தன. டார்ச் இல்லாமலே உள்ளே தெரிந்தது, தண்ணீர் அடியில் கிடந்தது. கேனைச் சாய்த்து நிதானமாக ஊற்றினாள். அடுத்த மூடி. அடுத்தது. ஆறும் முடிந்ததும் எழுந்து, சேலையில் கையைத் துடைத்தாள்.

"நாளைக்கு ஆள் கூட்டி வாங்க சார், இதை டிரெய்லர்ல வைக்கலாம். உங்க பழசை இங்க வைக்கலாம். அதுக்கும் வெள்ளிக்கிழமை நானே வந்து ஊத்தறேன்." வாசலுக்குப் போனவள் திரும்பினாள். "அதுவரைக்கும் நீங்க மூடியைத் தொடாதீங்க."

"கவலப்படாத தாயி," என்றான் சூசைராஜ். "அதுல சாருக்கு நல்ல பழக்கம்."

இந்தமுறை ராகவேந்திராவே சிரித்துவிட்டார். வேறு வழியில்லை.

ஆட்டோ காலனியை விட்டு மெயின் ரோட்டில் ஏறியது. உப்பல் பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனது. சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து திடீரென்று ஒரு சத்தம். சூசைராஜ் பதறித் திரும்பினான். நித்யஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம், மாமனாரு ஜோக்கா?"

"இல்ல சூசை," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "வரும்போது சொன்னியே... சர்பஞ்ச்... ஓட்டுக் கேக்கும்போதுகூட..."